கொட்டாஞ்சேனையில் எடுத்த இரும்பு

வெள்ளவத்தையில் கடலைப் பார்த்து இறங்கும் ஒழுங்கை ஒன்றில் குடியிருந்த சவுந்தரநாயகம், காப்புறுதிக் கொம்பனி ஒன்றில் கிளாக்கர். பஸ்ஸில் யாராவது தன் காலை மிதித்தால் தானே மன்னிப்புக் கேட்கிற மனிதர். அப்படிப்பட்டவர் ஞாயிறு காலைகளில் துப்பாக்கிக் கழகத்துக்குப் போய், கடுதாசி இலக்கின் கறுப்புப் பொட்டில் துளை போட்டுவிட்டு வருகிறார் என்பதைக் கந்தோரில் கூட வேலை செய்கிற ஒருவரும் நம்பவில்லை.

தோட்டா வாங்கக் கிடைக்காமற்போன காலத்தில், சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளை வீட்டிலேயே மீண்டும் நிரப்பிக்கொள்ளக் கழகம் அனுமதி எடுத்துக் கொடுத்தது. அதற்குக் கைபிடி போட்ட இரும்பு அழுத்தி ஒன்று வேண்டும். நாட்டைவிட்டுப் போன தோட்டத்துரை ஒருவரின் சாமான்களோடு அப்படி இரண்டு, கொட்டாஞ்சேனையில் ஸாலிஹின் பழைய இரும்புக் கடைக்கு வந்திருந்தன. அது எண்பத்திரண்டாம் ஆண்டு. மனைவி நாகேஸ்வரியையும் கூட்டிக்கொண்டு போனார்.

ஒன்று லேசானது, முன்பக்கம் திறந்தது. மேசை விளிம்பில் பூட்டி, வேலை முடியக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிடலாம். மற்றது நாலு பக்கமும் மூடிய வார்ப்பிரும்புச் சட்டம். தூக்க இரண்டு பேர் வேண்டும்.

"சின்னதை எடுங்கோ. என்ரை கண்ணிலை படாமல் வைக்கலாம்," என்றாள் நாகேஸ்வரி.

"அது அமத்தேக்கை வாய் பிளக்கும், நாகேஸ். பிறகு கூடெல்லாம் ஒண்டுக்கொண்டு வித்தியாசப்படும்."

"ஓம், ஓம். நான் கட்டியிருக்கிற சீலை என்ன நிறமெண்டு கேட்டால் தெரியாது. கூடு மட்டும் ஒரே அச்சாய் இருக்கவேணும்."

ஸாலிஹ் வாய்விட்டுச் சிரித்தார். "தங்கச்சி செல்றதக் கேளுங்க ஐயா. இது ஆனக்குட்டி மாதிரி ஈக்கி. வூட்டுல கட்டினா பொறகு கெளப்ப ஏலா."

சவுந்தரநாயகம் பெரியதன் கைபிடியை மெல்ல இழுத்தார். சட்டத்தின் நடுவிலிருந்த உருண்டைத் தூண் சத்தமில்லாமல் எழும்பியது. நூல் பிடித்தாற்போல் நேராக வந்து, நிற்கவேண்டிய இடத்தில் நின்றது. அவர் கையை எடுத்துவிட்டார். மூலஸ்தானத்துத் திரை விலகும்போது நிற்பவரைப் போல நின்றார். நாகேஸ்வரிக்கு விளங்கிவிட்டது, இனிக் கதைத்துப் பயனில்லை என்று.

அத்தனை பாரத்தை எந்த மேசையும் தாங்காது. சமைக்கிற குசினிக்குள் சீமெந்துத் தட்டு ஒன்று கட்டி, துளியும் ஆடக்கூடாதென்று ஆணிகளைச் சீமெந்துக்குள்ளேயே புதைத்து இறுக்கினார். அதுதான் அவர் விட்ட பிழை.

அடுத்த ஆண்டு ஆடிக் கலவரம் வந்தது. யுத்தம் வந்தது. துவக்கைப் பொலிஸில் ஒப்படைத்தார். கூடுகளையும் வெடிமருந்தையும் கழகத்திடம் கொடுத்தார். இரும்பை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. சீமெந்தை உடைத்தால் ஒழுங்கை முழுக்கக் கேட்கும். தமிழன் வீட்டில் தோட்டா நிரப்பும் இயந்திரம் என்று ஒருவன் வாய்திறந்தால் போதும், பிறகு அவரை எங்கே தேடுவது? அதற்கு மேலே சாக்கொன்றைப் போட்டு மூடினார்.

ஒருநாள் நேரத்தோடு வீட்டுக்கு வந்தபோது சாக்கைக் காணவில்லை. தூணின் தலையில் ஓட்டை போட்ட தகரக் கிண்ணம். அதற்குள் துருவிய தேங்காய்ப்பூ. மேலே மரக்கட்டை. நாகேஸ்வரி பால் பிழிந்துகொண்டிருந்தாள்.

"உம்மடை சொதிக்கோ இது?"

"சும்மா இடத்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்குது. இருக்கிற வீட்டுக்கு ஏதும் செய்யட்டுமன்."

அன்று அவர் அவளோடு கதைக்கவில்லை. சொதியை மட்டும் இரண்டாந்தரம் விட்டுச் சாப்பிட்டார்.

பிறகொரு சனிக்கிழமை காலை, படையினர் ஒழுங்கை முழுவதையும் சுற்றிவளைத்துச் சோதனை போட்டார்கள். அலுமாரி, பெட்டி, மெத்தைக்கு அடி எல்லாம் கிளறினார்கள். இளம் அதிகாரி ஒருவர் குசினிக்குள் போய்ச் சட்டத்தின் முன் நின்றார். தோட்டா அச்சைப் பூட்டுவதற்கு மேலே இருந்த துளையின் புரியை விரலால் தடவிப் பார்த்தார்.

"மேக்க மொகக்த?"

இது என்ன என்று கேட்டார் அதிகாரி. பொய் சொல்லிப் பழக்கமில்லாத சவுந்தரநாயகத்தின் வாய், உண்மையைச் சொல்லத் திறந்தது.

"பொல் கிரி மிரிகன மெஷிம, மாத்தயா," என்றாள் பின்னாலிருந்து நாகேஸ்வரி. தேங்காய்ப்பால் பிழிகிற மெஷின், ஐயா. கையில் துருவிய தேங்காய்ப்பூவோடு வந்தாள்.

செய்து காட்டச் சொன்னார் அதிகாரி.

அவள் கிண்ணத்தை நிரப்பிக் கைபிடியைப் பிடித்தாள். அவசரமில்லை, தயக்கமுமில்லை. இலக்கின் முன் மூச்சை அடக்கி நின்ற எத்தனையோ பேரைச் சவுந்தரநாயகம் பார்த்திருக்கிறார். இப்படி ஒரு கையைப் பார்த்ததில்லை. தூண் நேராக எழும்பியது. ஓட்டைகளில் வெள்ளை முத்து முத்தாகக் கட்டி, ஒன்றுசேர்ந்து வழிந்தது. தனக்கு நேர இருந்ததையெல்லாம் மறந்து, அவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அதிகாரியும் பார்த்துக்கொண்டுதான் நின்றார். தன் தாய்க்குக் கைவருத்தம் என்றும், இது எங்கே வாங்கலாம் என்றும் கேட்டார். கொட்டாஞ்சேனையில் சின்னதொன்று கிடந்தது, இப்போது விற்றிருப்பார்கள் என்று அவள் சிங்களத்தில் சொன்னாள். போய்விட்டார்கள்.

பூட்ஸ் சத்தம் ஒழுங்கையைத் தாண்டியபின்தான் அவள் கைபிடியை விட்டாள். கோப்பை சரிந்து பால் தட்டெல்லாம் ஓடியது.

"நல்லவேளை நீங்கள் பெரிசை எடுத்தது," என்றாள். "சின்னதெண்டால் அலுமாரிக்குள்ளை ஒளிச்சு வைச்சிருப்பியள். ஒளிச்ச சாமானுக்கு நான் என்ன விளக்கம் சொல்லுறது?"

நாகேஸ்வரி யுத்தம் முடிவதற்கு முன்பே காலமாகிவிட்டாள். சவுந்தரநாயகம் இப்போதும் தன் ஒருவருக்கான சொதிக்கு அதிலேதான் பால் பிழிகிறார். தூண் அன்றுபோலவே நேராக எழும்புகிறது. ஆனால் கெட்டியாக வரவேண்டிய முதற்பாலே தண்ணீராக இறங்குகிறது. பிழை இரும்பில் இல்லை என்று அவருக்குத் தெரியும்.