பேசு பெஞ்சு

எங்கள் ஊரில் 'பேஸ்' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பேசு. எங்கள் வேதக் கோயிலில் நாலு குரலில் பாடும்போது அடியில் போகிற கனத்த ஆண்குரலுக்குப் பேசு என்று பெயர். நான் தஞ்சாவூர் மெல்லிசைக் குழுவில் வாசித்த பேஸ் கிட்டாருக்கும் அதே பெயர்தான். அம்மாவுக்கு அது ஒரு பெரிய தமாஷ். "பேரு மட்டும் பேசுன்னு வச்சிருக்கீங்க. அது வாயையே தொறக்க மாட்டேங்குதே" என்பாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. எண்பதுகளில் நன்னிலம் பக்கத்துக் கிராமங்களில் கச்சேரி என்றால் மேடையோரம் ஒரு ஜோடி ஸ்பீக்கர் பெட்டி இருக்கும். மற்றபடி தென்னைமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர்தான். குழாயில் பாடகரின் குரல் வரும், தபேலா வரும், பாடகி தொண்டையைச் செருமுவதுகூட வரும். பேஸ் மட்டும் வராது. எங்கள் காலனியோ மேடையிலிருந்து மூன்று வயல் தள்ளி. அங்கே உட்கார்ந்து அம்மா கேட்ட எந்தக் கச்சேரியிலும் நான் இல்லை. இரண்டு கழகக் கூட்டங்களிலும் தலைவர்கள் வரும்வரை ஜனத்தைக் கலைய விடாமல் வாசித்திருக்கிறேன். 'கழுத்தில் மாட்டிக்கொண்டு சும்மா நிற்கிறான்' என்றுதான் ஊரில் பேச்சு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

உண்மையில் நான் வாசிக்கப் பிறந்தவனே இல்லை, பாட வேண்டியவன். அப்பா கூலிக்கு அறுப்பு அறுப்பவர், செங்கொடிச் சங்கத்து ஆள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் லுத்தரன் கோயிலில் பேசு பாடுவார். அந்தக் கோயிலில் யார் எங்கே உட்காருவது என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நிலம் உள்ள குடும்பங்கள் முன்னால், நாங்கள் தூணுக்குப் பின்னால். பாடகர் குழு மட்டும் ஆல்டர் என்கிற பலிபீடத்துக்குப் பக்கத்தில். அதில் பேசு பாடிய ஐந்து பேரும் எங்கள் காலனிக்காரர்கள். ஆக, மொத்தக் கோயிலிலும் எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் முன்னால் உட்கார்ந்திருந்த ஒரே இடம் அந்தப் பேசு பெஞ்சு. அதற்காகவே அப்பா தேய்த்த சட்டை போடுவார். சின்ன வயதில் அவர் முழங்கால்களுக்கு நடுவே நின்றிருக்கிறேன். அவர் பாடும்போது பெஞ்சுப் பலகை அதிர்வது என் முதுகுக்குத் தெரியும். எனக்கும் அங்கே உட்கார ஆசை. குரல் உடைந்தபோது கீழேயும் போகாமல் மேலேயும் ஏறாமல் நடுவில் மாட்டிக்கொண்டது. அந்த வயிற்றெரிச்சலில்தான் தஞ்சாவூர் போய் பேஸ் கிட்டாரைப் பிடித்தேன்.

சபைச் செயலாளருக்கு அந்தப் பெஞ்சு கண்ணில் விழுந்த தூசு. அப்பா அறுத்த வயல்களில் பாதி அவருடையது. எந்தக் கழகம் ஆட்சிக்கு வந்தாலும் அவர் வீட்டு வாசலில் அந்தக் கொடி பறக்கும். கோயிலுக்கு ஒரு கீபோர்டு வாங்கிக் கொடுத்தார். இனிமேல் நாலு குரல் வேண்டாம், எல்லோரும் மெட்டை மட்டும் பாடினால் போதும், பெஞ்சை எடுத்துவிட்டு அங்கே கீபோர்டை வைக்கலாம் என்றார். பேசு போனால் யாருக்கு என்ன நஷ்டம், வெளியே குழாயிலா கேட்கிறது என்று கேட்டார். அம்மாவின் தமாஷ் இந்த ஆள் வாயில் வந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அறுப்பின் பண்டிகை முடிந்ததும் கமிட்டியில் முடிவு செய்வதாக ஏற்பாடு.

அந்த வருடம் சம்பா அறுப்பில் கூலித் தகராறு முற்றியது. கதிர் தலைசாய்ந்து நிற்கும்போது எங்கள் ஆட்கள் அரிவாளைக் கீழே வைத்தார்கள். செயலாளரும் இன்னும் சிலரும் வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். வரப்பில் தள்ளுமுள்ளு, போலீஸ், வழக்கு. அப்பாவோடு சேர்த்துப் பேசு பெஞ்சுக்காரர்கள் ஐந்து பேரும் உள்ளே போய்விட்டார்கள். பண்டிகைக்கு ஒரு வாரம்தான் இருந்தது. செயலாளர் நிம்மதியாகச் சொன்னாராம், ஆளில்லாமலே பண்டிகை நன்றாக நடக்கப்போகிறது, அப்புறம் கமிட்டியே எதற்கு என்று. அம்மா தஞ்சாவூர் வந்து இதைச் சொன்னபோது எனக்கு உச்சிமண்டை கொதித்தது. கிட்டாரையும் ஒரு ஸ்பீக்கர் பெட்டியையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு ஊருக்கு வந்தேன். பேசு வரியைக் கிட்டாரில் வாசிக்கிறேன் என்றதும் பாஸ்டர் ஐயா அதிர்வில் ஜன்னல் கண்ணாடி உடையுமோ என்று மட்டும் பயந்தார். மற்றபடி சரி என்றார்.

பண்டிகையன்று அந்தப் பெஞ்சில் தனியாக உட்கார்ந்தேன். கட்டுக்கட்டாக நெற்கதிர், பூசணி, வாழைத்தார் எல்லாம் ஆல்டருக்கு முன்னால் குவிந்திருந்தன. அறுப்பின் பாட்டுக்கு நாலு சரணம். அப்பாவின் வரியை அப்படியே வாசித்தேன். இரண்டு சரணம் போனது. ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பெண்கள் கணீரென்று பாடினார்கள். செயலாளர் கண்ணை மூடி, வயிற்றின் மேல் கையைக் கட்டிக்கொண்டு, சொகுசாகப் பாடினார். பாட்டு எதன் மேல் நிற்கிறது என்று அவருக்கு என்ன கவலை? நாலு சரணத்தையும் நான் ஒழுங்காக வாசித்து முடித்தால் 'பார்த்தீர்களா, அவர்கள் இல்லாமல் எவ்வளவு நன்றாக நடந்தது' என்பார். அவருக்கு அல்லவா நான் உழைத்துக்கொண்டிருக்கிறேன் என்று சுருக்கென்றது.

மூன்றாவது சரணம் தொடங்கியதும் உள்ளங்கையைக் கம்பிகளின் மேல் வைத்து அழுத்திவிட்டேன்.

பாட்டு நிற்கவில்லை. இளைத்துப் போனது. மேல் ஆண்குரல் பாடும் டெனர்காரர்கள் தடுமாறினார்கள், பெண்கள் வேகம் பிடித்தார்கள், கீபோர்டுக்காரர் யாரைத் துரத்துவது என்று தெரியாமல் முழித்தார். செயலாளர் கண்ணைத் திறந்தார். பிறகு வாயை மூடினார். கோயிலே என் பக்கம் திரும்பியது. என்னைப் பார்க்கவில்லை, என் இரண்டு பக்கமும் காலியாகக் கிடந்த பலகையைப் பார்த்தார்கள். நாலாவது சரணத்துக்கு மறுபடி வாசித்தேன். சும்மாட்டில் சுமை உட்கார்ந்த மாதிரி பாட்டு உட்கார்ந்தது. கமிட்டியில் பெஞ்சு அங்கேயே இருக்கட்டும் என்று பாஸ்டர் ஐயா சொன்னபோது செயலாளர் முகத்தில் ஈயாடவில்லை.

அப்பா ஜாமீனில் வந்ததும் அம்மா முழுக்கதையையும் சொன்னாள். கோயில் பாட்டைக் கெடுத்தாயா என்று திட்டுவார் என்றுதான் நினைத்தேன். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"எப்ப நிறுத்துனே?"

"மூணாவது சரணத்துலப்பா."

தாடையைத் தேய்த்துக்கொண்டார். "சரிதான். மொதல்லயே நிறுத்தியிருந்தா ஒருத்தனுக்கும் ஒறைச்சிருக்காது. கதிரு சாஞ்சப்புறம்தான் நிறுத்தணும்."

நான் செய்ததற்கு வேலைநிறுத்தம் என்று பெயர் என்பது அப்போதுதான் எனக்கே புரிந்தது. அதுவரை என் வாத்தியத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத மனிதர், ஏதோ பக்கத்து வரப்பில் நிற்கிற ஆளிடம் பேசுகிற மாதிரி பேசினார். எனக்கு ஒரே சந்தோஷம். மறைப்பானேன்.

"நாளைக்கு மறுபடி எங்களப் புடிப்பான். உன்னையும் புடிப்பான்," என்றார். "இன்னும் நாலு பேருக்குச் சொல்லிக் குடு."

ஞாயிறு மத்தியானம் கோயிலில் அந்தப் பெஞ்சிலேயே வகுப்பு என்று அறிவித்தேன். நாலு பேர் எங்கே வந்தார்கள், என் தங்கை ஒருத்திதான் வந்தாள். எனக்குப் பொறுமை கிடையாது. கத்தினேன். "கத்துறதுக்குப் பதிலா வாசிச்சுக் காட்டுண்ணே" என்றாள். வாசித்துக் காட்டினேன். நான் வாத்தியார் ஆனது அந்த நிமிடம்தான். அப்புறம் குழுவைவிட வகுப்பே பிடித்துப் போய், தஞ்சாவூரில் இன்றுவரை அதையே செய்கிறேன். புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் கம்பியை அழுத்தி ஓசையை நிறுத்தத்தான் சொல்லித் தருவேன். வாசிக்கக் கற்றுக்கொள்ள வந்த பிள்ளைக்கு இதென்ன பாடம் என்று பெற்றோர்கள் முறைப்பார்கள்.

அடுத்த அறுப்பின் பண்டிகை வந்தது. வழக்கு இழுத்துக்கொண்டிருந்தாலும் ஐந்து பேரும் வெளியே இருந்தார்கள், பெஞ்சு நிறைந்திருந்தது. தங்கை கிட்டாரை மாட்டிக்கொண்டு பக்கத்தில் போய் நின்றாள். பேசு பெஞ்சில் அதுவரை ஒரு பெண் உட்கார்ந்ததில்லை. மற்ற நாலு பேரும் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பாதான் எழுந்தார். வரப்பில் ஒரு சாண் விட்டுக் கொடுக்காத மனுஷன்.

"நவுந்து உக்காருங்கய்யா," என்றார். "பேசு வருது."