பூனைக்குத் தேய்த்த கற்பூர எண்ணெய்

எங்கள் வீட்டுப் பூனையைக் கொன்றது நான்தான். கோபத்தில் இல்லை, அக்கறையில். விஷயம் தெரிந்தவன் என்று மும்பை மாட்டுங்காவில் நாலு பேர் நம்ப ஆரம்பித்த ஐம்பத்து நாலாவது வயதில், ஒரு பூனைக்குக் கற்பூர எண்ணெய் காய்ச்சித் தேய்த்தேன்.

பூனை என் மனைவியுடையது. அவள் செம்பூரில் பள்ளி ஆசிரியை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில் அவள் பின்னாலேயே மூன்று மாடி ஏறி வந்தது. பெயர் வைக்கவில்லை. அவள் ‘வாடி’ என்றால் வரும். நான் கூப்பிட்டால் நின்று யோசிக்கும். சாயங்காலம் அவள் திரும்பும் நேரத்துக்குக் கதவடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

மாதம் ஒருமுறை அதன் பிடரியில், நாக்கு எட்டாத இடத்தில், தெள்ளுப்பூச்சி மருந்தைச் சொட்டுவிட வேண்டும். வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறவன் என்பதால் அது என் பொறுப்பு. டிசம்பரில் நிறுத்திவிட்டேன். மறதி இல்லை, படிப்பு. கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் வாங்கிய பழைய ஆங்கிலப் புத்தகம் ஒன்று, குளிர்காலத்தில் தெள்ளு ஒழிந்துபோகும் என்றது. எழுதியவருடைய குளிர்காலத்தில் ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டியது. என்னுடையதில் குளியலறைத் தேங்காய் எண்ணெய் உறைகிறது, அவ்வளவுதான். இந்த வித்தியாசம் தெள்ளுக்குத் தெரிந்திருந்தது.

ஜனவரி பாதியில் பூனை ஓயாமல் சொறிய ஆரம்பித்தது. வாலடியில் மயிர் கொட்டிச் சிவந்திருந்தது. மருந்து விட்டேனா என்று மனைவி கேட்டாள். விட்டேன் என்றேன். மறுநாள் அவள் பள்ளிக்குப் போனதும் பொய்யை மெய்யாக்கிவிடலாம் என்று தேடினால் மருந்து டப்பா காலி.

எங்கள் வீடுகளில் மார்ச்சளிக்குத் தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுச் சூடுபண்ணி நெஞ்சில் தேய்ப்பது வழக்கம். அந்த வாசனையில் வளர்ந்த உடம்பு என்னுடையது. பூனை இரண்டு நாளாகத் தும்மிக்கொண்டும் இருந்தது. கற்பூரத்துக்குப் பூச்சியும் ஓடும், சளியும் இறங்கும் என்று தோன்றிவிட்டது. சுவாமி அலமாரியிலிருந்து நாலு கட்டி எடுத்துக் காய்ச்சி, காதிலிருந்து வால் வரை தேய்த்தேன். மடியில் அசையாமல் இருந்தது. அது என்னை முழுசாக நம்பிய முதல் நாள்.

இறங்கிப் போய் உடம்பை நக்க ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் எச்சில் ஒழுகியது, உடம்பு நடுங்கியது. எனக்கு உடனே குளிர்காலம் ஞாபகம் வந்தது. என் மஃப்ளரில் சுற்றி வெயிலில் கிடத்தினேன். அப்படியே ஒரு மணி நேரம் போயிற்று. பின்னங்கால்கள் இழுத்துக்கொண்ட பிறகுதான் காய்கறிப் பையில் வைத்து டாக்சி பிடித்தேன்.

சயானில் இருக்கும் மிருக வைத்தியர் ஒரு மராத்திக்காரப் பெண்மணி. குனிந்து மோந்து பார்த்து, “கபூர்?” என்றார். கற்பூரம்தான் என்று தலையாட்டினேன். அவர் திட்டியிருந்தால் தேவலை. ஊசி போட்டுவிட்டு, பாத்திரம் தேய்க்கும் சோப்பால் எண்ணெயைக் கழுவிக்கொண்டே நிதானமாகச் சொன்னார். பூனையின் ஈரலுக்குக் கற்பூரத்தை முறிக்கும் சக்தி கிடையாது. மேலே தடவியது தோல் வழியாகவும் போகும், நாக்கு வழியாகவும் போகும். மும்பை வீடுகளில் தெள்ளுக்குக் குளிர்காலமே இல்லை. பன்னிரண்டு மாதமும் மருந்து விடவேண்டும். தெள்ளின் முட்டை சோபாவில் இருக்கும், விரிப்புகளை வெந்நீரில் துவைக்கவேண்டும். உடனே கொண்டுவந்திருந்தால் என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

போன் பண்ணியதும் மனைவி பள்ளியிலிருந்து நேரே அங்கே வந்தாள். ‘வாடி’ என்றாள். ஒரு காது மட்டும் அவள் பக்கம் திரும்பியது. ஐந்தரை மணிக்கு, கதவடியில் போய் உட்காரும் நேரத்துக்கு, அடங்கிவிட்டது.

“மருந்து விட்டேன்னு சொன்னேளே,” என்றாள்.

அதன் பிறகு வீட்டுக்கு வந்து கதவைத் திறக்கும்போதெல்லாம் அவள் முதலில் தரையைத்தான் பார்த்தாள். சோபா விரிப்பைத் துவைக்கப் போட எடுத்தேன். என் கையிலிருந்து வாங்கி மறுபடி விரித்துவிட்டாள். அதில் பூனையின் மயிர் ஒட்டியிருந்தது.

பூனை போன பிறகு தெள்ளுகளுக்கும் சாப்பிட ஆள் வேண்டுமே. பத்து நாளில் என் கணுக்கால்களைக் கண்டுபிடித்துவிட்டன. ஞாயிற்றுக்கிழமை காலை, சோபாவில் உட்கார்ந்து இரண்டு காலையும் மாற்றி மாற்றிச் சொறிந்துகொண்டிருந்தேன். எதிரே பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டு என் கால்களைப் பார்த்தாள்.

“அடுக்களையில எண்ணெய் இருக்கு,” என்றாள். “கற்பூரமும் மிச்சம் இருக்கு. தேச்சுக்கோங்கோ.”