தொண்டைக்காரனைப் பற்றி நவமணி சொன்னது

ஈப்போ பக்கம் ஆறாங்கட்டை ரப்பர்த் தோட்டத்தில் ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால், வீட்டோடு வீடு ஒட்டி வரிசையாக நிற்கும் லயம் முழுக்கத் தும்மும். பலகைச் சுவர்தான்; அதையும் கூரை வரைக்கும் கொண்டுபோக அந்தக் காலத்துத் துரைக்கு மனசு வரவில்லை. ஆள் உயரத்துக்கு மேலே ஒரு முழம் ஏற்றி, இவர்களுக்கு இது போதும் என்று விட்டுவிட்டான். சுவருக்கும் தகரக் கூரைக்கும் நடுவே இந்தக் கோடி வீட்டிலிருந்து அந்தக் கோடி வீடு வரை வெட்டவெளி. சுவருக்கும் காது உண்டு என்பார்களே, இங்கே சுவருக்குக் காதே வேண்டியதில்லை. புருஷன் பெண்டாட்டி சண்டை, பிள்ளை அழுகை, கிழவர் இருமல் எல்லாம் ஊர்ச் சொத்து.

எழுபத்து நாலில் கல்யாணமாகி அந்த லயத்துக்கு வந்த நவமணி, முதல் வாரமே அடுத்த வீட்டில் யாரையோ வெட்டுகிறார்கள் என்று நினைத்து வாசலுக்கு ஓடிவந்தாள். லயமே சிரித்தது. வெட்டும் இல்லை குத்தும் இல்லை. அடுத்த வீட்டுப் பத்துமலை பாட்டு வைத்திருந்தான். ரப்பர் ஸ்டோரில் பால் நிறுக்கிற பையன் அவன். தோள் வரை முடி, பாட்டரியில் ஓடும் ஒரு கேசட் ரேடியோ, உலகத்தில் வேறு எதுவும் வேண்டாம் என்கிற முகம். அவன் வைப்பது ஒரே ஒரு வெள்ளைக்காரப் பேண்டு. அதன் பேரை யார் கண்டார்கள்? லயத்தில் அவர்களுக்கு "இடிக்காரனுங்க" என்று பேர் விழுந்துவிட்டது.

நவமணியின் புருஷன் அர்ச்சுனன் தோட்டத்து லாரி டிரைவர். நல்லவன் என்று எல்லோரும் சொன்னார்கள். நல்லவன்தான். கை நீட்ட மாட்டான், அளவோடு குடிப்பான். ஆனால் நவமணி விடியுமுன் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகலாம், ரப்பர்ப் பால் வெட்டலாம், ஸ்டோருக்குப் போகலாம், வீட்டுக்கு வரலாம், கோயிலுக்குப் போகலாம். அதற்கு மேல் ஒரு அடி என்றால் "எதுக்கு?" என்பான். கோபமாகக்கூட இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்பான். கமுந்திங் பேக்டரியில் வேலை பார்த்த அவள் தங்கச்சி மங்களம் ஒரு பொங்கலுக்கு வந்து, "அக்கா, அங்க ஆள் எடுக்குறாங்க, வாயேன்" என்றபோதும் அதே "எதுக்கு?"தான். வீட்டில் ஒரு ரேடியோ இருந்தது. அது அர்ச்சுனன் இருக்கும்போதுதான் பாடும்.

பிள்ளையும் பிறக்கவில்லை. அதைக் கேட்காத வாய் லயத்தில் இல்லை.

அவளுக்கென்று இருந்தது சாயங்காலம் ஒரு மணி நேரம். அர்ச்சுனன் லாரியை விட்டுவிட்டு லகாட் டவுன் காப்பிக் கடைக்குப் போயிருப்பான். பத்துமலை ஸ்டோரிலிருந்து வந்து கேசட்டைப் போடுவான். அவள் அம்மியில் மிளகாய் வைப்பாள். முதல் வருஷம் காதைப் பொத்திக்கொண்டாள். அடுத்த வருஷம் பொத்தவில்லை. அதற்கப்புறம், பத்துமலை ஒரு நாள் வர நேரமானால் அம்மி முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

பிடித்துப்போயிற்று, அவ்வளவுதான். ஏன் என்றால் என்னத்தைச் சொல்வது? அந்தப் பேண்டில் பாடுகிறவன் அடித்தொண்டையில் ஆரம்பிப்பான். ஏறுவான், இன்னும் ஏறுவான், இதற்கு மேல் இடமே இல்லை என்கிற இடத்தில் நின்றுகொண்டு ஒரு கத்துக் கத்துவான் பாருங்கள், நவமணிக்கு நெஞ்சுக்குள் எதுவோ கழன்று விழும். ஒரு வார்த்தை புரியாது. அவள் கத்தவேண்டியதையெல்லாம் எங்கோ ஒரு சீமையில் எவனோ கத்திக்கொண்டிருந்தான். அவனுக்கு அவளே தொண்டைக்காரன் என்று பேர் வைத்தாள். பாட்டரி இறங்கி அவன் குரல் இழுத்தால் இவளுக்கு அரைக்கக் கை ஓடாது. மறுநாள் பத்துமலை பாட்டரிகளை வெயிலில் காயவைத்திருப்பதைப் பார்த்தால்தான் நிம்மதி. இதெல்லாம் யாருக்கும் தெரியாது. சொல்லவும் கூடாது. கட்டிய பெண்டாட்டி பக்கத்து வீட்டு இளந்தாரியின் பாட்டுக்குக் காத்திருக்கிறாள் என்றால் ஊர் என்ன பேசும் என்று தெரியாதவளா அவள்?

எண்பத்து நாலில் வந்தது வினை. நாலு வருஷமாகப் புதுப் பாட்டே இல்லை, பேண்டு கலைந்துவிட்டது என்று பத்துமலையே கைவிட்டிருந்த நேரம். சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமை ஈப்போவுக்குப் போனவன் புதுக் கேசட்டோடு ஓடிவந்தான். வாசலில் ரேடியோவை வைத்து, சத்தத்தை முழுசாகத் திருப்பி, இரண்டு பக்கமும் போட்டான்.

மறுநாள் ஸ்டோரில் வாளியோடு வரிசையில் நின்ற பெண்களுக்கு அதுதான் பேச்சு.

"என்னடா பத்துமலை, ஒன் இடிக்காரனுங்களுக்கு வயசாயிருச்சா? தூறல் போட்ட மாரி இருக்கு" என்றாள் ராக்காயி. நவமணிக்கு மறுபக்கத்து வீட்டுக்காரி. அவள் வாய்க்கு ஸ்டோர்க் கதவு போதாது.

"எனக்குப் பழசுதாம்பா வேணும்" என்றாள் இருளாயி. "பழச வச்சா எம்புள்ள தூங்கிரும். நேத்து கொட்டக் கொட்ட முழிச்சிக்கிட்டு கெடந்துச்சு."

"ஒங்களுக்கு என்னா தெரியும்லா?" பத்துமலைக்கு மூக்கு சிவந்தது. "அருமையான கேசட்டு. இவனுங்கள அடிச்சிக்க ஆளே கெடையாது."

அங்கேதான் நவமணி வாயைத் திறந்தாள். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்!

"பொய் சொல்லாத தம்பி. அந்தத் தொண்டைக்காரன் ஏறவே இல்ல. ஏற வேண்டிய எடத்துல பின்னால நாலு பேரப் பாட வச்சி மறைச்சிட்டான். ரெண்டாம் பக்கம் கடைசிப் பாட்டுலதான் அவன் நெசமா பாடுறான்."

ராக்காயி வாளியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். பத்துமலை தராசை விட்டுவிட்டு நின்றான். நேற்று ராத்திரியெல்லாம் அவனே நினைத்து, தனக்குத்தானே ஒப்புக்கொள்ளாமல் வைத்திருந்ததும் அதுதான்.

"அண்ணி," என்றான், "நீங்க கேக்குறீங்களா?"

பாவம், அவன் மனசில் கள்ளம் இல்லை. பத்து வருஷமாகத் தன்னந்தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தவன். கூட ஒரு ஆள் கேட்டிருக்கிறது என்று தெரிந்த சந்தோஷத்தில் புத்தி மழுங்கிப்போயிற்று. அன்று சாயங்காலம் கேசட்டைப் போட்டுவிட்டு, சுவருக்கு மேலே பார்த்து, லயமே கேட்கக் கத்தினான்.

"அண்ணி! இப்ப வாரது மூனாவது. இதக் கேட்டுட்டுச் சொல்லுங்க!"

அம்மிக் குழவியைப் பிடித்த கை அப்படியே நின்றது. பேசாமல் இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. பிறந்ததிலிருந்து அவளிடம் யாரும் எதைப் பற்றியும் "எப்படி இருக்கு" என்று கேட்டதில்லை. குழம்பைப் பற்றிக்கூட சாப்பிட்டவர்கள்தான் சொல்வார்கள், அவளைக் கேட்க மாட்டார்கள்.

"இது பரவால்ல," என்றாள் சுவரைப் பார்த்து. "ஆனா கித்தாரு ஏன் இப்படிப் பம்முது?"

"அதான் அண்ணி! அதான் நானும் சொல்றேன்!"

"எனக்கும் சேத்துச் சொல்லுங்கடா!" என்று ராக்காயி தன் வீட்டிலிருந்து குரல் கொடுத்தாள். லயம் கொல்லென்று சிரித்தது. உலை வாயை மூடலாம். ஊர் வாயை எதைக் கொண்டு மூடுவது? சிரிப்பு இரண்டு நாளில் குசுகுசுப்பானது, குசுகுசுப்பு லகாட் காப்பிக் கடை வரைக்கும் நடந்தே போனது.

அந்த வாரத்திலேயே ஒரு சாயங்காலம் அர்ச்சுனன் காப்பிக் கடைக்குப் போகாமல் வந்துவிட்டான். நவமணி நிமிர்ந்து பார்த்தபோது வாசற்படியில் நின்றுகொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்துத்தானா சுவருக்கு மேலே குரல் வரவேண்டும்?

"அண்ணி, கடைசிப் பாட்ட மறுபடி வைக்கவா?"

அவள் குனிந்து அம்மியிலிருந்து மிளகாயை வழித்தாள்.

"என்னா அண்ணி, சத்தத்தையே காணோம்?"

"வைடா தம்பி," என்றான் அர்ச்சுனன். "நானும் கேக்குறேன்."

அப்புறம், வேறு வழியில்லாமல், பாட்டு வந்தது. முழுப் பாட்டும் முடியும்வரை அர்ச்சுனன் நின்ற இடத்தில் நின்றான். பாட்டைக் கேட்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். தொண்டைக்காரன் உச்சிக்கு ஏறியபோது முகத்தை மரக்கட்டையாக வைத்துக்கொள்ள அவள் பட்ட பாடு அந்த மாரியாத்தாளுக்குத்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் விஷயம் வந்தது. கோயில் தலைவர் இராமசாமி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். லயத்துச் சனம் வீட்டுக்குப் போகாமல் சுற்றி நின்றது. ஒரு ஓரத்தில் பத்துமலை தலையைக் குனிந்து நின்றான்.

"நான் சந்தேகப்படல தலைவரே," என்றான் அர்ச்சுனன். அவன் குரல் உடைந்திருந்தது; அவனும் பட்டிருக்கிறான். "ஊரு பேசுது, என்னால தலைய வெளிய காட்ட முடியல. அவ வாயாலயே சொல்லிரட்டும். அந்தச் சத்தம் புடிச்சிருக்கா, புடிக்கலியா?"

இராமசாமி அவளைப் பார்த்தார். "சொல்லு ஆத்தா. புடிக்கலன்னா பேச்சு இதோட முடிஞ்சிச்சு. இனிமே அவன் வைக்க மாட்டான். நாங் கேரண்டி."

புடிச்சிருக்கு என்றால்? அதை அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை. அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போகவேண்டியதுதான். பத்துமலை வேலையும் போய், வீடும் போய், பேரும் கெட்டு நடுரோட்டில் நிற்கவேண்டியதுதான். எந்தப் பக்கம் போனாலும் பாட்டு போய்விட்டது. இது என்ன கேள்வி? எலியைப் பிடித்துப் பொறிக்குள் போட்டுவிட்டு, எந்த மூலையில் உட்காருகிறாய் என்று கேட்பதுபோல!

"சகிக்கலைங்க," என்றாள். அது போதாது என்று கூட்டத்தின் முகத்திலேயே தெரிந்தது. "மண்டையப் பொளக்குது. இத்தன வருசமும் பொறுத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அன்னிக்கி சும்மா கேலிக்குச் சொன்னத தம்பி நெசம்னு நெனச்சிருச்சி."

பத்துமலை தலையைத் தூக்கினான். திட்டு வாங்கத் தயாராக வந்தவன் அவன். வைக்காதே என்றால் வைக்காமல் இருந்திருப்பான். ஆனால் அவன் அதை நம்பிவிட்டான். கேலி என்றதை அப்படியே நம்பிவிட்டான்.

"மன்னிச்சிருங்க அண்ணி," என்றான். "எனக்குத் தெரியாது. ஒரு ஆளாச்சும் கேக்குறாங்கன்னு நெனச்சிட்டேன்."

அர்ச்சுனன் ஒரு தேங்காயை எடுத்து சாமி முன்னால் ஓங்கி உடைத்தான்.

மழைக்காலம் வருமுன்னே பத்துமலை தஞ்சோங் மாலிம் பக்கம் வேலை கிடைத்தது என்று போய்விட்டான். முடியை வெட்டிக்கொண்டு போனான் என்று ராக்காயி சொன்னாள். அந்த வீட்டுக்குக் கிழவர் ஒருத்தர் வந்தார். சுவருக்கு மேலே அவர் இருமல் வந்தது.

அர்ச்சுனன் முன்னைவிட நல்லவனாகிவிட்டான். அதுதான் கொடுமை. பெண்டாட்டி பத்து வருஷம் வாயைத் திறக்காமல் கஷ்டப்பட்டிருக்கிறாளே என்று அவனுக்கு உருகியது. புது ரேடியோ ஒன்று வாங்கி, சினிமாப் பாட்டாகப் போட்டு, காப்பிக் கடையையும் விட்டுவிட்டு, அவள் அம்மி அரைக்கும் நேரத்தில் பக்கத்திலேயே உட்கார்ந்தான். வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தக் கதைதான். "சொல்லு நவமணி, அந்தப் பையன் வைப்பானே ஒரு பாட்டு, எப்படி இருந்துச்சி?" என்பான்.

"சகிக்கல," என்பாள்.

வந்தவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள்.

எண்பத்து ஆறு தீபாவளிக்கு அவளை ஈப்போவுக்கே கூட்டிப்போனான். அவனே கூப்பிட்டான், எதுக்கு என்று கேட்காமல். சேலை எடுத்தார்கள், சீனன் கடையில் ஐஸைச் சீவிப் பாகு ஊற்றிய ஐஸ் கச்சாங் சாப்பிட்டார்கள். பஸ்ஸுக்கு நடக்கும் வழியில் ஒரு கேசட் கடை. வாசலில் ஆளுயர ஸ்பீக்கர். நவமணியின் கால் தானாக நின்றது.

கடைசிப் பாட்டு. இரண்டாம் பக்கத்துக் கடைசிப் பாட்டு. கூரைக்குக் கீழே தேய்ந்து வந்த சத்தமில்லை இது. தரை அதிர்ந்து உள்ளங்காலில் ஏறியது. ஓகோ, இவ்வளவு பெரிசா இது என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. தொண்டைக்காரன் அடியிலிருந்து கிளம்பிவிட்டான்.

அர்ச்சுனன் திரும்பிப் பார்த்தான். அவள் கண் கலங்கியிருந்ததைக் கண்டு பதறிப்போனான்.

"அலாமாக்! அந்தச் சனியனா? வா வா, ஒனக்கு மண்டைய வலிக்கும்."

கல்யாணமான நாளிலிருந்து ரோட்டில் அவள் கையை அவன் பிடித்ததில்லை. அன்றைக்குப் பிடித்தான், பிரியமாகத்தான். தொண்டைக்காரன் உச்சிக்கு ஏறுவதற்குள் அவளை அடுத்த தெருவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டான்.