தகரத்துக்கு அந்தப் பக்கம்

ஏற்காட்டில் ரவுண்டானாவை ஒட்டிய பழைய சந்தில் இருக்கிறது எங்கள் வீடு. பஸ் ஸ்டாண்டுக்கு இரண்டு நிமிடம், ஏரிக்கு ஐந்து நிமிடம். யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரை கட்டிய பங்களா என்பதால், சீசனுக்கு வருகிறவர்கள் வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டு, உள்ளே இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள் என்று எங்கள் காதுபடவே சொல்லிவிட்டுப் போவார்கள். ஓடு ஒழுகுவதும், மழைக்காலம் முழுக்கச் சுவர் பூத்துக் கிடப்பதும், ஒரு ஜன்னலை மாற்றினால்கூடப் பழமை கெட்டுவிடும் என்று ஊரே வந்து புத்தி சொல்வதும் படத்தில் தெரியாது. அந்த வீட்டுக்குள் நான் செய்ததும் தெரியாது.

துரை போன பிறகு பங்களா கைமாறி, நடுக்கூடத்தில் ஒரு சுவரை எழுப்பி இரண்டு வீடாக்கிவிட்டார்கள். அவன் குளிர் காய்வதற்குக் கட்டிய கணப்பு மட்டும் அந்தச் சுவருக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. அதை இடித்தால் கூரையே இறங்கிவிடும் என்று கொத்தனார் சொன்னாராம். அதனால் கணப்புக்குக் குறுக்கே ஒரு தகரத்தை நிறுத்தி, பாதி எங்களுக்கு, பாதி பக்கத்து வீட்டுக்கு என்று ஆக்கினார்கள். மேலே புகைபோக்கி ஒன்றுதான். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் மூட்டினால் புகை திரும்பி இரண்டு கூடத்தையும் நிறைத்துவிடும். ஆகவே ஒரு நாள் அவர்கள் முறை, ஒரு நாள் எங்கள் முறை. மூட்டுகிறவர்கள் முதலில் இடுக்கியால் தகரத்தில் இரண்டு தட்டு தட்ட வேண்டும். மூட்டிக்கொள்ளுங்கள் என்பதற்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தட்டு வரும். யார் மூட்டினாலும் தகரம் காய்ந்து இரண்டு வீட்டுக்கும் சூடு கிடைக்கும்.

சூடு வருகிற வழியில் பேச்சும் வந்தது. அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். அதற்கும் ஒரு முறை இருந்தது. நான் மருமகளாக வந்த வாரமே மாமியார் சொல்லிவிட்டார், தகரத்தில் காதில் விழுந்ததை வாசலில் காட்டிக்கொள்ளக் கூடாது என்று. மாமியார் உயிரோடு இருந்தவரை என்னைப் பேசிய பேச்செல்லாம் பக்கத்து வீட்டுக்கு அத்துப்படி. ஆனால் காலையில் குழாயடியில் பார்த்தால், "சாப்புட்டியா கண்ணு" என்பதோடு அந்த வீட்டு அம்மா நிறுத்திக்கொள்வார். இவ்வளவு நெருக்கத்தில் மானத்தோடு குடியிருக்க வேறு வழி கிடையாது.

அந்த அம்மாவை நான் அத்தை என்று கூப்பிடுவேன். தையல் மிஷின் வைத்துக்கொண்டு, புருஷன் இல்லாமல் ஒரே மகளை வளர்த்தவர். மகள் என்னை அண்ணி என்பாள். தூரத்துச் சொந்தத்தில் முறை அப்படித்தான் வந்தது. பக்கத்துக் கிராமமான வெள்ளக்கடையில் எனக்குக் கல்யாணமாகாத தம்பி ஒருவன் இருந்ததால், அந்த முறையை நான் சும்மா விடவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்தபோது கஞ்சி காய்ச்சிக் கொடுத்து, என் தலையை வாரிவிட்டவள் அந்தப் பெண். அவள் எங்கள் குடும்பத்துக்கே வந்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

அவளுக்கு வலிப்பு உண்டு. சின்ன வயதில் அடிக்கடி வந்து, பிறகு வருஷத்துக்கு ஒரு தடவை என்று குறைந்துவிட்டது. சேலம் பெரிய ஆஸ்பத்திரி மாத்திரை சாப்பிடுகிறாள் என்பது அந்த வீட்டுக்கு வெளியே எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் மட்டுமே தெரியும். தகரம் சொன்னதுதான். என் தம்பிக்கு என்று நினைத்தபோது அது எனக்கு ஒரு குறையாகவே படவில்லை. அவனிடம் அதைச் சொல்லவும் இல்லை.

ஒரு நாள் வாசல் வழியாகப் போய் முறையாகப் பெண் கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்று அத்தை காபி கொடுத்து அனுப்பினார். அன்று சாயங்காலமே பதில் தகரத்தில் வந்தது. "தண்ணியப் போட்டுட்டு வண்டியோட கீழ உழுவறவனுக்கு எம்புள்ளையக் குடுக்கறதுக்கு, ஊட்டுலயே வெச்சுக்குவன்" என்றார் மகளிடம். மகள் சிரித்தாள்.

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. என் தம்பி எஸ்டேட்டில் சம்பளம் வாங்கிய அன்றைக்கெல்லாம் பள்ளத்தில்தான் கிடப்பான். ஆனாலும் அந்தச் சிரிப்பு எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் குழாயடியில், "ஜாதகம் பொருந்தலீங்கறாங்க கண்ணு, மனசுல வெச்சுக்காத" என்றார் அத்தை. அதனாலென்ன அத்தை என்று நானும் பல்லைக் காட்டினேன். முறை தவறாமல் நடந்துகொண்டோம்.

கார்த்திகை மாதம் மலையடிவாரத்துக் குப்பனூரிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பகல், நல்ல பனி. தகரத்தில் இரண்டு தட்டு கேட்டது. நான் ஒரு தட்டு தட்டினேன். விருந்தாளிகளைக் கணப்புக்குப் பக்கத்தில்தான் உட்கார வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். மாப்பிள்ளையின் அம்மா பேசுவது, தட்டை நகர்த்துவது, பெண்ணை அழைத்து வரச் சொல்வது எல்லாம் கேட்டது. பெண்ணைப் பிடித்துவிட்டது என்பது குரலிலேயே தெரிந்தது. பெஞ்சை இழுத்துத் தகரத்தின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் எதிரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, பக்கத்தூட்டுப் புள்ளைக்குப் போன ஆடியில வலிப்பு வந்துச்சே, இப்பத் தேவலீங்களா? மாத்திரைய இன்னும் நிறுத்தலைன்னாங்க. பாவம், நொம்ப நல்ல புள்ள."

சந்தைக்கடையில் பேசுகிற குரலில் பேசினேன். பாவம் என்ற வார்த்தையைத் தெரிந்தேதான் சேர்த்தேன். என் வீட்டுக்காரர் பேப்பரைக் கீழே இறக்கி என்னைப் பார்த்தார். எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார்.

அந்தப் பக்கம் பேச்சு நின்றது. கொஞ்ச நேரத்தில் நாற்காலிகளை நகர்த்தும் சத்தம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார் மாப்பிள்ளையின் அம்மா. அவர்கள் போன பிறகு அத்தை என்னவோ சொல்ல வாயெடுத்தார். மகள் தடுத்தாள்.

"அண்ணி அந்தப் பக்கந்தான் இருக்காங்கம்மா. மெதுவாப் பேசு."

அவ்வளவுதான். சண்டைக்கு வருவார்கள் என்று நான் பதில்களைக் கோத்து வைத்திருந்தேன். யாரும் வரவில்லை. தகரத்தில் கேட்டதை அவர்கள் எப்படி வாசலில் கேட்பார்கள்? அந்த முறை என்னை ஒரு மயிரிழையும் தொட முடியாதபடி காப்பாற்றும் என்று கணக்குப் போட்டுத்தான் நான் வாயைத் திறந்திருந்தேன். மறுநாள் குழாயடியில் அந்தப் பெண் என் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துவிட்டு, "சாப்புட்டீங்களா அண்ணி" என்றாள். அவளைப் பார்த்து எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அதோடு விட்டேனா? இரண்டு மாதம் கழித்து மறுபடியும் பெண் கேட்டுப் போனேன். இனி அவர்களுக்கு வேறு கதி இல்லை என்ற தைரியம். அத்தை இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். மகளோடு சேர்வராயன் கோயிலுக்குப் போய்விட்டு, நெற்றியில் திருநீறோடு என் வாசலுக்கு வந்தார்.

"உன் தம்பிக்கே குடுத்தறலாம் கண்ணு. குடிய மட்டும் நீ சொல்லி நிறுத்திப்போடு சாமி. உன்னைய நம்பித்தான் அனுப்பறன்."

உட்காரச் சொல்லி, வேண்டும் என்றே நிதானமாகக் காபி போட்டுக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் யாருக்கும் காபி போட்டதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். வண்டியை நிறுத்தினானே ஒழிய உள்ளே வரவில்லை.

"ஏங்க்கா, அந்தப் புள்ளைக்கு வலிப்பாமா? குப்பனூர்ல பேசிக்கறாங்க. நீ ஏன் எங்கிட்டச் சொல்லல? சீக்குக்காரிய எந்தலையில கட்டப் பாத்தியா? எனக்கு வேண்டாம்."

நான் இங்கே பேசியது மலையிறங்கி, குப்பனூர் போய், பஸ் ஏறித் திரும்பி என் வாசலுக்கே வந்துவிட்டது. வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரும், பெரிய விஷயமே இல்லை என்றேன். கெஞ்சியும் பார்த்தேன். குடிகாரன் என் கையை உதறிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

அத்தை வீட்டு வாசலுக்குப் போய் அதைச் சொல்லியிருக்க வேண்டும். பெண் கேட்டு இரண்டு தடவை ஏறிய படிதான். செருப்பைப் போட்டுக்கொண்டு முற்றம் வரைக்கும் போனேன். அதற்கு மேல் கால் வரவில்லை. என்னை நம்பித்தான் அனுப்புகிறேன் என்று சொன்னவரின் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. திரும்பி வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தேன். சாயங்காலம், தகரத்துக்கு அந்தப் பக்கம் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, தம்பி வேண்டாங்கறானுங்க" என்றேன் வீட்டுக்காரரிடம். "சீக்குக்காரப் புள்ள வேண்டாமாம்."

மிஷின் நின்றது. அவர்கள் வாய்விட்டு அழுதிருந்தாலாவது எனக்குத் தாங்கியிருக்கும்.

பிறகு தகரத்தில் இரண்டு தட்டு விழுந்தது. அன்று அவர்கள் முறை. வழக்கமான தட்டுதான், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. என் வீட்டுக்காரர் இடுக்கியை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

நான் ஒரு தட்டு தட்டினேன். கொஞ்ச நேரத்தில் தகரம் காய ஆரம்பித்தது. எழுந்து போயிருக்கலாம். வெளியே நல்ல குளிர், எனக்குக் கால் விறைத்திருந்தது. இருட்டும் வரைக்கும் அவர்கள் மூட்டிய நெருப்பில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.