சாட்சி சொல்ல ஏறிய மேடை

எழுபதுகளின் கடைசியில் ஆம்பூரில் இருந்தோம். நாங்கள் போன கிறிஸ்தவ சபையில் மருந்து சாப்பிடுவதே பாவம். காய்ச்சலில் மகளுக்கு ஜன்னி கண்டபோது, சுற்றி நின்று ஜெபித்தவர்களை விலக்கிவிட்டு, அவளை வேலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பிழைத்துக்கொண்டாள். சபை எங்களைத் தள்ளிவைத்தது.

வேறொரு சபை அன்போடு அழைத்தது. போன முதல் ஞாயிறே, கடவுள் எனக்குச் செய்ததைச் சபைமுன் சாட்சி சொல்ல என்னை மேடையேற்றினார்கள். கையில் மைக்கைக் கொடுத்தார்கள்.

"டாக்டர் ஊசி போட்டாரு, பொழைச்சிக்கினா," என்றேன்.

கூட்டத்தில் ஒரு அல்லேலூயா இல்லை. பாஸ்டர் என் காதருகே குனிந்தார்.

"நம்ம சபை ஜெபந்தான் காப்பாத்துச்சுன்னு சொல்லுங்க, சிஸ்டர்."

அன்றுவரை அவர்கள் என் மகளைப் பார்த்ததுகூட இல்லை.

மைக்கை அவரிடமே கொடுத்துவிட்டு இறங்கினேன்.

இப்போது யார்மீதும் கோபமில்லை. ஞாயிறு காலை சர்ச் மணி அடிக்கும்போது துணி துவைத்துக்கொண்டிருப்பேன். கை நிற்பதில்லை.