பூ கட்டிப் பார்த்த பட்டம்

எங்கள் தெருவில் யாருக்கு எந்த விண்ணப்பம் வந்தாலும் அது முதலில் என் அப்பாவிடம்தான் வரும். வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் அவர் எழுத்தர். சாதிச் சான்றிதழோ, ரேஷன் அட்டையோ, முதியோர் பென்ஷனோ, எதுவானாலும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, காகிதத்தை முகத்தருகே பிடித்து, அடியில் பொடி எழுத்தில் இருப்பதைத்தான் முதலில் படிப்பார். "மேல பெருசா எழுதியிருக்கறதெல்லாம் நமக்கு ஆசை காட்ட. கீழ சின்னதா இருக்குது பாரு, அதான் விஷயம்" என்பார். அந்த மனிதரின் மகளுக்குச் செல்லாத பட்டம் வந்து சேர்ந்தது என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். வேறொருத்தி கதையாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும். பிளஸ் டூ முடித்துவிட்டு, அலுவலகங்களுக்கு எதிரே இருந்த ஒரு ஜெராக்ஸ் கடையில் கம்ப்யூட்டரில் மனு அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தினமும் போய்ப் படிக்கும் கல்லூரிக்கு வீட்டில் வசதி இல்லை. ஆனால் கம்ப்யூட்டர் என் கைக்குப் பிடிபட்டுவிட்டது. கடைக்காரருக்கே தெரியாததெல்லாம் எனக்குத் தெரிந்தது. ஒரு ஐ.டி. பட்டம் மட்டும் கையில் இருந்தால், அடுத்தவர் மனுவை அடித்துக்கொண்டிருக்காமல் சம்பளம் வாங்கும் வேலைக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன். அந்த வயதில் எனக்கு வேறு ஆசையே இருக்கவில்லை.

இரண்டு விண்ணப்பங்கள் வாங்கி வந்தேன். ஒன்று சென்னையில் இருந்த ஒரு பல்கலைக்கழகத்தின் அஞ்சல் வழிப் படிப்பு. கட்டணம் ஜாஸ்தி. மாதம் இரண்டு முறை சனி, ஞாயிறு சென்னைக்குப் போய் வகுப்பிலும் கம்ப்யூட்டர் லேபிலும் உட்கார வேண்டும். இன்னொன்று எங்கோ வடக்கே இருந்த பல்கலைக்கழகம். எல்லாமே இணைய வழி. செங்கம் சாலையில், ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்கள் மெயில் பார்க்கும் ஒரு பிரவுசிங் சென்டரின் மாடியில் அதற்குப் படிப்பு மையம் இருந்தது. பாதிக் கட்டணம்தான். ஊரை விட்டு எங்கேயும் போக வேண்டியதில்லை, தேர்வும் அங்கேயே. அட்டையில் 'அங்கீகாரம் பெற்றது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

இரண்டையும் அப்பாவிடம் நீட்டினேன். "எது செல்லும்னு பாத்து சொல்லுங்கப்பா" என்றேன்.

அவர் அவற்றை அலுவலகத்துக்கு எடுத்துப் போனார். ஐந்தாம் நாள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே, "ரெண்டும் ஒண்ணுதான் பாப்பா. ரெண்டுமே செல்லும்" என்றார்.

என் மனம் சென்னைப் பக்கம்தான் சாய்ந்தது. கட்டணம் கூட இருந்தாலும் என் சம்பளத்திலேயே சமாளிப்பேன் என்றேன். அப்பா மறுக்கவில்லை. அவர் எதையும் வேண்டாம் என்று வாய் திறந்து சொல்கிற ஆள் இல்லை. "இவ்ளோ பெரிய விஷயம். சாமிகிட்ட ஒரு வார்த்த கேட்டுடலாம்மா. பூ கட்டிப் பாத்துடலாம்" என்றார். எங்கள் வீட்டில் அது வழக்கம்தான். வீட்டு மனை வாங்கும்போதும், அண்ணனுக்குப் பெண் பார்த்தபோதும் பூ கட்டித்தான் பார்த்தார்கள். சிவப்பு அரளி ஒரு பொட்டலம், வெள்ளை நந்தியாவட்டை ஒரு பொட்டலம். சாமி முன்னால் வைத்து, கண்ணை மூடி ஒன்றை எடுத்தால் அதுதான் உத்தரவு.

சிவப்பு வந்தால் சென்னை, வெள்ளை வந்தால் செங்கம் சாலை என்று வைத்துக்கொண்டோம். தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் அம்மா செய்தித்தாளில் மடித்த இரண்டு பொட்டலங்களைக் குலுக்கிப் போட்டாள். நான் மனசுக்குள் சிவப்பு, சிவப்பு என்று சொல்லிக்கொண்டே ஒன்றை எடுத்தேன். பிரித்தால் வெள்ளை. பழக்க தோஷத்தில் மற்றப் பொட்டலத்தையும் பிரிக்கக் கை நீட்டினேன். அப்பா முந்திக்கொண்டு எடுத்தார். "உத்தரவு குடுத்தப்புறம் அத போய் பிரிக்கக் கூடாதும்மா. சாமிய சந்தேகப்படறாப்ல ஆயிடும்" என்று சொல்லி, பிள்ளையாருக்குப் பின்னால் இருந்த செடியடியில் போட்டுவிட்டார். சாமியே சொன்ன பிறகு நான் என்ன பேச?

மூன்று வருடம் படித்தேன். ஏமாற்றுக்காரர்கள் பாடமே நடத்தவில்லை என்று நினைக்காதீர்கள்; பாடம் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. அதுதான் இன்றைக்கும் எரிச்சல். கடை முடிந்து சைக்கிளில் செங்கம் சாலைக்குப் போவேன். ஒரு பக்கம் திறக்கவே இரண்டு நிமிஷம் ஆகும். மணிக்கணக்குக்குக் காசு என்பதால், திரையில் வருவதை எல்லாம் வேக வேகமாக நோட்டில் எழுதிக்கொள்வேன். பக்கத்து நாற்காலியில் ஒரு வெள்ளைக்கார அம்மா தன் ஊருக்கு மெயில் அடித்துக்கொண்டே மூக்கை உறிஞ்சிக்கொண்டிருப்பாள். நான் சி மொழியில் நிரல் எழுதிக்கொண்டிருப்பேன். வீட்டுக்கு வந்து அந்த நோட்டைத் திரும்பவும் நல்ல கையெழுத்தில் எழுதுவேன். நிறைய நோட்டுகள் சேர்ந்துவிட்டன. அவற்றை அடுக்கி வைக்க அப்பா அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து கொடுத்தார். என் முதுகைத் தட்டி, "படி, படி" என்றும் சொன்னார்.

ஒரு தேர்வு பௌர்ணமி அன்று வந்தது. பஸ் இல்லை, சைக்கிளும் விட முடியாது. கிரிவலக் கூட்டத்தோடு கூட்டமாக நடந்தேன். சுற்றிலும் எல்லோரும் அரோகரா என்று போக, நான் மட்டும் டேட்டா ஸ்ட்ரக்சர் பாடத்தை முணுமுணுத்துக்கொண்டு போனேன். ஒரு பாட்டியம்மா என்னைப் பார்த்து, "என்னா மந்திரம்மா அது, நல்லா இருக்குதே" என்றாள். மாடிப்படி முழுக்க யார் யாருடைய செருப்போ கிடந்தது, மையக்காரர் அன்றைக்கு மட்டும் கீழே மோர் விற்றுக்கொண்டிருந்தார். எனக்கு அதெல்லாம் தப்பாகவே படவில்லை. நம் ஊரில் பௌர்ணமி என்றால் எல்லோரும்தான் மோர் விற்பார்கள். அந்தத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கினேன்.

பட்டம் வந்தது. தங்க முத்திரை, நல்ல கனத்த காகிதம். அப்பாவே அதை லேமினேட் செய்து கொண்டு வந்தார்.

அடுத்த வருடம் ஓர் அரசுத் துறையில் கணினி வேலைக்கு எழுத்துத் தேர்வு எழுதினேன். தேறிவிட்டேன். சான்றிதழ் சரிபார்க்கச் சென்னைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. அம்மாவும் நானும் விடியற்காலை பஸ்ஸில் போனோம். அங்கே மேசைக்குப் பின்னால் என்னைவிடப் பத்து வயது மூத்த ஒரு பெண் அதிகாரி உட்கார்ந்திருந்தார். பத்தாவது, பிளஸ் டூ எல்லாவற்றிலும் டிக் போட்டார். பட்டத்தை எடுத்தவுடன் பேனா நின்றது. பக்கத்தில் இருந்த தடித்த பட்டியலைப் புரட்டினார். திரும்பவும் புரட்டினார்.

"இது லிஸ்ட்லயே இல்லம்மா" என்றார்.

"அங்கீகாரம் இருக்குதுன்னு போட்டிருக்காங்களே மேடம்" என்றேன்.

"அவங்களா போட்டுக்கறதும்மா அது. இங்க செல்லாது. சேர்றதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது விசாரிச்சிருக்கக் கூடாதா?"

"அப்பா விசாரிச்சாரு மேடம்."

அந்த அதிகாரி என்னை ஒரு மாதிரி பார்த்தார். பரிதாபமா, எரிச்சலா தெரியவில்லை. லேமினேட் செய்த அந்த அட்டையை மேசையின் மேல் என் பக்கமாகத் தள்ளிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

திரும்பும் பஸ்ஸில் நான் ஜன்னலோரம் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். பக்கத்து சீட்டுக்காரர்கள் சாவு வீட்டுக்குப் போகிறோம் என்று நினைத்திருப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பூஜை அலமாரி முன்னால் போய் நின்று கத்தினேன். நான் சென்னைதான் கேட்டேன், நீதானே வெள்ளையைக் கொடுத்தாய், உனக்குக் கண் இருக்கிறதா, இனி உனக்கு ஒரு சூடம் கொளுத்தினால் கேள் என்று வாய்க்கு வந்ததை எல்லாம் சொன்னேன்.

அம்மா ஓடி வந்து என் வாயைப் பொத்தினாள்.

"சாமிய திட்டாதடி. அது ஒண்ணும் பண்ணல. ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளப் பூதான் இருந்துச்சி."

நான் அவள் கையை என் வாயிலிருந்து விலக்கினேன்.

"நான்தான்டி மடிச்சேன். உங்கப்பாதான் அப்டி மடிக்கச் சொன்னாரு."

அதோடு நிறுத்தியிருந்தாலும் நான் பிழைத்திருப்பேன். அம்மாவுக்கு ஒன்றைச் சொல்ல ஆரம்பித்துவிட்டால் மிச்சத்தை வைத்துக்கொள்ளத் தெரியாது. தரையில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். நான் விண்ணப்பம் வாங்கி வந்த அதே வாரம் பக்கத்து வீட்டு வாத்தியார் தன் பையனுக்கு அதே செங்கம் சாலைப் படிப்பைப் பற்றிக் கேட்க வந்தாராம். "அத தொடாதீங்க சார், செல்லாது, பையன் வேலைக்குப் போவணும்ல" என்று அப்பாவே சொல்லி அனுப்பினாராம். "நான் காபி குடுத்துக்கினு அங்கதான் நின்னேன்" என்றாள் அம்மா.

அந்தப் பையன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து முடித்து, அப்போது ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். மாதம் இரண்டு முறை அவன் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறப் போனதை நான் எங்கள் வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். பாவம், அலைகிறானே என்று கூட நினைத்திருக்கிறேன்.

சாயங்காலம் அப்பா வந்தார். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "தெரிஞ்சே எப்டிப்பா?"

அவர் மறைக்கவில்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "மாசம் ரெண்டு வாட்டி உன்ன தனியா சென்னைக்கு அனுப்பிட்டு நான் இங்க நிம்மதியா இருக்க முடியுமா? வேணாம்னா நீ கேக்கமாட்ட. அழுவ. உனக்கும் படிச்ச மாதிரி ஆச்சி, கல்யாணத்துக்கும் ஒரு டிகிரி ஆச்சி. இதுல உனக்கு என்னம்மா கொறஞ்சி போச்சி?" என்றார்.

அவர் குரலில் குற்ற உணர்ச்சி ஒரு பொட்டும் இல்லை. நிஜமாகவே எனக்கு என்ன குறைந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் பயந்தார், அந்தப் பயத்தைச் சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், ஒருவேளை தோற்றும் இருப்பேன். ஆனால் தோற்றேன் என்று எனக்குத் தெரிந்திருக்கும். மூன்று வருடம் நான் உட்கார்ந்து எழுதியதை எல்லாம், இது எதற்கும் ஆகாது என்று தெரிந்துகொண்டே ஒரு மனிதர் தினமும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அதுவும் என்னைப் பெற்றவர். அதற்குப் பிறகு அவரோடு நான் பேசவில்லை. தட்டில் சோறு போடுவேன், கேட்டால் தலையாட்டுவேன், அவ்வளவுதான்.

சில மாதம் கழித்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். செய்யாறு பக்கத்தில் இருந்து வந்த நல்ல குடும்பம் என்றார்கள். கூடத்தில் பாய் விரித்து, கேசரியும் பஜ்ஜியும் வைத்து எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். பையனின் அம்மா, "பொண்ணு என்ன படிச்சிருக்குது?" என்று கேட்டார். "பி.எஸ்சி. ஐ.டி.ங்க. மூணு வருஷமும் நல்ல மார்க்கு" என்றார் அப்பா, என் பக்கம் பார்க்காமல்.

நான் காத்துக்கொண்டிருந்த இடம் அதுதான். இதைச் சொன்னால் சம்பந்தம் முறியும், அப்பாவின் முகத்தில் கரி பூசினாற்போல் ஆகும், அன்றைக்காவது அவருக்கு உறைக்கும் என்று நினைத்தேன். தலையை நிமிர்த்தி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். "அது செல்லாத டிகிரிங்க. அரசாங்க லிஸ்ட்ல இல்ல. அத வெச்சி எந்த வேலைக்கும் போவ முடியாது."

அம்மா என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். அப்பாவின் கையில் இருந்த காபி டம்ளர் அப்படியே நின்றது.

பையனின் அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். நல்ல சிரிப்பு, கள்ளம் இல்லாத சிரிப்பு.

"அட, அதுக்கென்னம்மா? நாங்க என்ன உன்ன வேலைக்கா அனுப்பப் போறோம்? பத்திரிகையில பேருக்குப் பக்கத்துல போட ஒண்ணு இருந்தா போதும்" என்றார்.

பாயில் உட்கார்ந்திருந்த எல்லோரும் சிரித்தார்கள். பையனும் சிரித்தார். அம்மா பெருமூச்சு விட்டாள். அப்பா காபியை ஒரு வாய் குடித்துவிட்டு அம்மாவின் பக்கம் குனிந்தார். "பாத்தியா? இதுக்குப் போய் இத்தினி மாசமா மூஞ்சிய தூக்கி வெச்சிக்கினு இருந்தா" என்றார்.

தட்டு மாற்றினார்கள், கல்யாணமும் நடந்தது. பத்திரிகையில் என் பெயருக்குப் பின்னால் பி.எஸ்சி. ஐ.டி. என்று தங்க எழுத்தில் அச்சாகி வந்தது. சென்னையில் ஒரு மேசையின் மேல் செல்லாமல் போன பட்டம், எங்கள் வீட்டுக் கூடத்தில் எல்லோருக்கும் செல்லுபடியாகிவிட்டது. அப்பா என்னை ஏமாற்றியதைக்கூட ஒருநாள் மன்னித்துவிடலாம். அவர் கணக்கு சரியாக இருந்ததை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.