நாலாம் மாடிக்கு ஒரு பியானோ

ஐம்பத்தாறு வயதில் ஒரு மனுஷனுக்கு இத்தனை வீம்பு ஆகாது. ஆனால் ஜாக்கியிடம் அதை யார் சொல்வது? டயர் மாற்றும்போது காரைத் தூக்கி நிறுத்துமே, அந்த ஜாக்கிதான். வீட்டுச் சாமான் இடம் மாற்றும் வேலையில் முப்பது வருஷம். ஃபிரிட்ஜைப் பட்டை போட்டு முதுகில் ஏற்றிக்கொண்டு ஒற்றை ஆளாக மூன்று மாடி ஏறியவர். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் உயிரோடு இருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன் வலது கட்டைவிரல் தானாக ஆட ஆரம்பித்தது. அப்புறம் சட்டைக்குப் பொத்தான் போடப் பத்து நிமிஷம் பிடித்தது. அப்புறம் வந்தது இந்தப் பாழாய்ப்போன களைப்பு. நன்றாகத் தூங்கி எழுந்து பல் தேய்ப்பதற்குள், ஒரு லாரிச் சாமானை இறக்கி முடித்த மாதிரி உட்கார்ந்துவிடுவார். பார்க்கின்சன் என்றார் டாக்டர்.

"தசை எங்கயும் ஓடிப்போயிடல. மூளை போடுற உத்தரவு ஒழுங்கா போய்ச் சேர மாட்டேங்குது, அதான் பலமே இல்லாத மாதிரி இருக்கு. மாத்திரைய நேரம் தவறாம போடுங்க, உடற்பயிற்சிய விடாதீங்க. களைச்சுப்போய் உட்காராதீங்க, களைக்கிறதுக்கு முன்னாடியே உட்காருங்க."

மாத்திரையிலும் உடற்பயிற்சியிலும் ஜாக்கி அட்சரம் பிசகவில்லை. உட்காரச் சொன்னதை மட்டும் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

கம்பெனி அவருடைய தங்கையுடையது. ஒருநாள் காலையில் அவள் சொல்லிவிட்டாள்: "ஒண்ணாம் தேதியிலிருந்து நீ ஆபீஸ்ல இரு அண்ணே. போன் எடுத்தா போதும்."

ஜாக்கியின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "வியாழக்கிழமை அந்த டீச்சரோட பியானோ இருக்குல்ல? நாலாம் மாடி, லிஃப்ட் கிடையாது. அத நான் முன்னாடி நின்னு ஏத்திக் காட்டுறேன். காட்டிட்டா எனக்கு லாரி. இல்லன்னா உன் போன் பக்கத்துலயே குடித்தனம்."

"நானும் வர்றேன்" என்றாள் தங்கை.

பியானோவைத் தூக்குவது நாலு பேர். வேலை நடப்பதோ ஐந்தாவது ஆளின் வாயில். அவர்தான் முன்னால் ஏறிக்கொண்டே, படி எங்கே, சுவர் எங்கே என்று குரல் கொடுக்க வேண்டும். தூக்குகிறவனுக்கு மூக்குக்கு நேரே கறுப்பு மரம் மட்டும்தான் தெரியும். அந்தக் குரல் ஒரு விநாடி தப்பினால் யாருடைய விரலாவது போய்விடும். வியாதி குரலையும் தேய்த்துவிட்டிருந்ததால், புதன்கிழமை முழுக்க ஜாக்கி குளியலறையில் நின்று "ஏத்து, நில்லு" என்று கத்திப் பழகினார். பக்கத்து வீட்டுக்காரர் வந்து, யாரை நிற்கச் சொல்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனார்.

கணக்கெல்லாம் கனகச்சிதம். பத்து மணிக்கு மாத்திரை. பத்தே முக்காலுக்குக் கால் சொன்னபடி கேட்கும், ஒரு மணிவரை கேட்கும். பியானோ பழுது பார்க்கும் கடையிலிருந்து வேறொரு வண்டியில் பதினோரு மணிக்கு வருகிறது. வேறென்ன வேண்டும்?

பதினொன்று ஆயிற்று, பதினொன்றரையும் ஆயிற்று. வண்டியைக் காணோம். டீச்சரின் மற்ற சாமான்களை மற்றவர்கள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நல்ல பிள்ளையாக ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருக்கலாம் அல்லவா? தங்கை வாசலில் கைகட்டி நிற்கிறாளே. ஜாக்கி ஒரு நாற்காலியைத் தூக்கினார்.

"அண்ணே, வைங்க அண்ணே. பியானோ வரட்டும்" என்றான் சைலன்சர். சைலன்சர் இல்லாத வண்டி மாதிரி பேசுவதால் அவனுக்கு அந்தப் பெயர்.

"ஒரு நாற்காலி தூக்க உன்கிட்ட மனு போடணுமாடா?"

நாற்காலிக்குப் பின் புத்தகப் பெட்டி, அதற்குப் பின் மேசை விளக்கு. ஐந்து முறை நாலு மாடி ஏறி இறங்கினார். இருந்த தெம்பையெல்லாம் நாற்காலிக்குச் செலவழித்துவிட்டு, பன்னிரண்டே முக்காலுக்குப் பியானோ வந்து இறங்கியபோது சிரித்துக்கொண்டு நின்றார் பாருங்கள், என்னத்தைச் சொல்வது.

ஆனாலும் முதல் மாடியை அவர் ஏற்றிய அழகே அழகு. "ஏத்து. இன்னும் ஒரு படி. இடது கொஞ்சம் தாழ்த்து. கைப்பிடி, பார்த்து. ஏத்து." குரல் கணீரென்று வந்தது. இருநூற்றுச் சொச்சம் கிலோ, ஒரு கீறல் இல்லாமல் திருப்பத்துக்குத் திருப்பம் ஏறியது. இரண்டாம் மாடி தாண்டியது, மூன்றாம் மாடியும் தாண்டியது. முட்டுக்கட்டைகளோடு கீழே பின்தொடர்ந்த தங்கையின் முகத்தில் சிரிப்புக்கூட வந்துவிட்டது. ஜாக்கிக்கு நெஞ்சு கொள்ளாத சந்தோஷம்.

மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே இருந்த திருப்பத்தில், அவர் திரும்பி அடுத்த படியில் கால் வைக்க வேண்டும். வைத்தால்தான் பியானோவுக்கு இடம். கால் வரவில்லை.

இரண்டு பாதமும் தரையில் ஒட்டிக்கொண்டன. பியானோ இரண்டு படி கீழே, நாலு பேர் கையில்.

"நில்லு" என்றார். "மூலைய அளந்துக்கிறேன்."

மூலையாவது அளக்கிறதாவது, பச்சைப் பொய். சைலன்சரோடு முன்பக்கம் தாங்கியிருந்த லாரி டிரைவரின் பிடி வழுக்க ஆரம்பித்தது. இன்னும் ஐந்து விநாடியில் கால் வந்துவிடும் என்று நினைத்தார். வரவில்லை. வாயைத் திறந்தால் ஒண்ணாம் தேதியிலிருந்து போன். திறக்காவிட்டால் இவர்கள் கை என்ன ஆவது? தங்கை காதில் விழும் என்று தெரிந்தே, அன்றைக்கு அதுவரை வராத சத்தத்தில் சொன்னார்:

"என்னால நகர முடியல. கட்டை வைங்க."

பின்னால் தாங்கியிருந்த இருவரும், தங்கை எடுத்துப் போட்ட மரக்கட்டைகளைக் காலால் தள்ளி முட்டுக் கொடுத்தார்கள். டிரைவர் பியானோவில் கட்டியிருந்த பட்டையைக் கைப்பிடிக் கம்பியில் சுற்றி இழுத்தார். பியானோ நின்றது.

"சைலன்சர், ஒண்ணு ரெண்டு மூணு எண்ணு. சத்தமா."

மூளையின் உத்தரவுக்கு அசையாத காலை வெளிச்சத்தம் அசைத்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சைலன்சருக்குச் சொல்லவா வேண்டும்? கட்டிடமே அதிர எண்ணினான். மூணு என்றதும் ஜாக்கியின் வலது கால் எழும்பியது, பிறகு இடது. ஆறு படி ஏறி உட்கார்ந்துகொண்டு, பியானோவைத் திருப்பத்தின் சமதரையில் ஏற்றி வைக்கச் சொன்னார். வாய் மட்டும் வேலை செய்தது, அது போதுமானதாக இருந்தது.

மேலிருந்து டீச்சர் எட்டிப் பார்த்தார். "ஏன் நின்னுடுச்சு?"

"பியானோவுக்கு மூச்சு வாங்குது டீச்சர்" என்றான் சைலன்சர். டிரைவர் சிரித்த சிரிப்பில் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஒன்றரைக்குத் தங்கை தண்ணீரும் மாத்திரையும் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அஞ்சு தடவை ஏறி இறங்கினியே, யாருக்காக அண்ணே?"

"உனக்குக் காட்டத்தான்."

"நான் நாற்காலியவா பார்த்துக்கிட்டிருந்தேன்? முடியலன்னு நீ ஒரு தடவையாவது சொல்லுவியான்னு பார்த்துக்கிட்டிருந்தேன். சொல்லாம இருந்து, ஒருநாள் நாலு பேரோட சேர்ந்து உருண்டு வருவியோன்னு எனக்குப் பயம்."

ஜாக்கி மாத்திரையை வாங்கி விழுங்கினார். கண் கலங்கிவிட்டது.

இரண்டேகால் மணிக்கு எழுந்தார். கடைசிப் பத்துப் படி. "ஏத்து. ஏத்து. வாசல்படி, தூக்கு. இறக்கு." பியானோ ஜன்னலோரம் போய் உட்கார்ந்தது. டீச்சர் நின்றபடியே இரண்டு கையாலும் தடதடவென்று வாசித்தார். சைலன்சர் ஜாக்கியைக் கட்டிப்பிடித்து அரை அடி தூக்கிவிட்டான். முப்பது வருஷத்தில் ஜாக்கியை யாரும் தூக்கியதில்லை. அவருக்கு வெட்கமும் சிரிப்பும் பொங்கிவந்தன.

கீழே வந்து லாரியில் ஏறப் போனவருக்குத்தான் பந்தயம் நினைவு வந்தது. ஏற்றியாயிற்று, ஆனால் நடுவில் உட்கார்ந்தும் ஆயிற்று. இது எந்தக் கணக்கில் சேரும்? தங்கையிடம் கேட்கலாமென்று திரும்பினார். அவள் போனில் யாரோ வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"சனிக்கிழமை ஒரு மணிக்கு முடியாதுங்க. எங்க அண்ணனுக்குப் பார்க்கின்சன், ஒண்ணரைக்கு மாத்திரை போடுவாரு. ரெண்டேகாலுக்கு மேலதான் வருவோம்... இல்லீங்க, அவர விட்டுட்டு லாரிய எடுக்க மாட்டோம்."